கடையத்து மகளும் கடலோரக் குடித்தனமும்

தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த திருத்தலம் கடையம். வில்வ வனத்தில் எழுந்தருளியவர் என்பதால் இறைவனுக்கு வில்வவனநாதர் என்று திருநாமம். அம்பாள் நித்யகல்யாணி, என்றும் மணக்கோலம் நீங்காதவள். குடியிருப்புகளை விட்டுச் சற்று விலகி, வயல்வெளியும் மலையும் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது திருக்கோயில். அங்கே கும்பிட்டு வளர்ந்து, மணமாகி வெளியூர் சென்ற பெண்கள் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவர் வெளியூருக்கு மட்டுமல்லாமல் வேற்று அரசின் மண்ணுக்கே கைக்குழந்தையோடு குடிபோனார். அந்த மண் கடல் கடந்தும் இல்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ நூறு மைல் தொலைவில் இருந்தது. ஆயினும் அங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. அவர் பெயர் செல்லம்மாள். கணவர் பெயர் சுப்பிரமணிய பாரதி.

இன்று திருக்கோயில் பிராகாரங்களில் அமர்ந்து இளைப்பாறும் பெரியோர்களின் பேச்சைக் கேட்டால், பாதிப் பேச்சு வெளிநாட்டுப் பேரக் குழந்தைகளைப் பற்றியதாகவே இருக்கும். மகன் அமெரிக்காவில் பேராசிரியர், மருமகளுக்கும் வேலை, குழந்தைக்கு ஒன்றரை வயது. ஆறு மாதம் இவர்கள் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த ஆறு மாதம் சம்பந்தி வீட்டார் போகிறார்கள். குழந்தைக்குத் தமிழ் வருமா, தயிர்சாதம் பிடிக்குமா, விளக்கைக் கண்டால் கை கூப்புமா என்பவை அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் கவலைகள். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்பது வாய்விட்டுச் சொல்லாத கவலை. செல்லம்மாளின் கதை இந்தக் கவலைகளுக்கு மிக அண்மையில் நிற்பது.

1897ஆம் ஆண்டில் திருமணம் நடந்தபோது செல்லம்மாளுக்கு வயது ஏழு. மணமகனுக்குப் பதினைந்தும் நிறையவில்லை. மணமான சில காலத்தில் கணவர் காசிக்குப் படிக்கச் சென்றுவிட்டார். கடையத்தில் இருந்த சிறுமி கவலைப்பட்டுக் கடிதம் எழுதினாள். கவலைப்படுவதை விட்டுத் தமிழை நன்றாகப் படிக்கும்படி காசியிலிருந்து பதில் வந்தது. மனைவிக்குக் கணவர் ஆசிரியரானது அப்போதே தொடங்கிவிட்டது. ஊதியம் பெற்று அவர் ஆசிரியராக இருந்தது மிகச் சில மாதங்களே. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்துவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகைப் பணிக்குப் போனார். அதே ஆண்டில் மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தாள். 1908இல் பிறந்தவள் இளையவள் சகுந்தலா.

சகுந்தலா பிறந்த ஆண்டே குடும்பத்தின் போக்கை மாற்றியது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகையின் ஆசிரியர் என்று சட்டப்படி பெயர் பதிவு செய்திருந்தவர் கைதானார். அடுத்த கைது எழுதுபவருடையது என்று உணர்ந்த நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். ஆங்கிலேயரின் காவலர் அங்கே கைது செய்ய இயலாது. ஆகவே அது பிறநாடு. அங்கே போகும் வழியும் பொருளுள்ளது. கடையத்துப் பக்கம் ரயில் பாதை வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திருநெல்வேலி, மதுரை, திருச்சி கடந்து விழுப்புரத்தில் வண்டி மாறினால் புதுச்சேரி. பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு செல்லம்மாள் எந்த நாளும் தாய்வீடு திரும்பலாம். கணவர் எல்லையைத் தாண்டினால் சிறை. ஒரே இல்லத்தில் ஒருவருக்குத் திறந்தும் மற்றவருக்கு மூடியும் இருந்த கதவு அது. பதினெட்டு வயதுப் பெண், திறந்த கதவு இருந்தும், மூடிய பக்கமே போய்ச் சேர்ந்தார்.

புதுச்சேரியில் தமிழர் வாழும் பகுதியில், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர்களுடைய குடித்தனம் நடந்தது. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த வேதபுரீசுவரர் திருக்கோயிலின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். பழைய ஆலயம் 1748இல், டூப்ளே ஆளுநராக இருந்தபோது இடிக்கப்பட்டது. அந்தத் துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பின்னர் இத்தெருவில் ஈசன் மீண்டும் கோயில் கொண்டார். இடம்பெயர்ந்த இறைவனின் தெருவில் இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று வந்து தங்கியது என்று மட்டும் இங்கே சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள வீட்டில் என்ன நடக்கும் என்பதைத் தாய்மார்க்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. கிணற்றடியில் ஒரு கண், அடுப்படியில் ஒரு கண், வாசற்படியில் ஒரு கண் வேண்டும். செல்லம்மாளுக்கோ நான்காவதாக ஒரு கண்ணும் தேவைப்பட்டது. வீட்டைச் சுற்றி ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் எந்நேரமும் உலவினர். கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து வெளிவந்தபோதும் ஆங்கிலேய எல்லைக்குள் அதை நுழையவிடாமல் தடுத்தனர். 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு பத்திரிகை நின்றது. அதன்பின் மாதந்தோறும் வரும் வருமானம் என்று ஒன்று நிலையாக இல்லை. சகுந்தலாவுக்கு அப்போது ஏறக்குறைய இரண்டு வயது.

அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. சமைப்பதற்காகச் செல்லம்மாள் எடுத்து வைத்த அரிசியைப் பாரதியார் முற்றத்தில் இறைத்துவிட்டு, சிட்டுக்குருவிகள் கொத்தித் தின்பதைப் பார்த்துப் பரவசமடைந்தார். மேடைதோறும் இதைச் சொல்லிக் கவிஞரின் கருணையைப் புகழ்வது வழக்கம். புகழ்ச்சி தகுதியானதுதான். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுவது நியாயமாகாது. குருவிகள் பறந்துபோன பிறகும் பகல் உணவு வேளை வரும். இரண்டு குழந்தைகள் தட்டின் முன் உட்காருவார்கள். வீட்டுக்கு வந்த நண்பர்களையும் உண்ணாமல் அனுப்பும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அடுத்த படி அரிசிக்கு வழி தேடியவர் குருவிகளைப் பாடியவர் அல்லர். இதையெல்லாம் பிற்காலத்தில் செல்லம்மாளே எடுத்துரைத்தார். அவர் சொல்லில் சலிப்பு உண்டு, பெருமை உண்டு, பழி கூறுதல் இல்லை.

பிறநாட்டில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு முதல் தேவை பணம் என்று எண்ணுவது இயல்பு. புதுச்சேரிக் குடித்தனம் நிலைத்தது பணத்தால் அன்று. அண்டைவீட்டார் உறவினராயினர். மண்டயம் ஸ்ரீநிவாஸாசாரியார் குடும்பமும் அங்கே குடியேறியிருந்தது. அவருடைய மகள் யதுகிரி, பாரதியார் வீட்டில் தன் வீடுபோலப் புழங்கிய சிறுமி. பிற்காலத்தில் அவர் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ நூலில், எந்தப் பாடல் எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்பதோடு, அந்த வீடுகளின் அன்றாடமும் தெரிகிறது. 1910இல் வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்தார். அவர் மனைவி பாக்கியலட்சுமியும் அங்கே இல்லறம் நடத்தினார். பாரதியார் வீட்டில் பணிபுரிந்த அம்மாக்கண்ணு, கூலிக்கு வந்தவராக இல்லாமல் வீட்டு மனுஷியாகவே இருந்தார். ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம், சைவ ஸ்மார்த்தக் குடும்பம், உழைக்கும் பெண் என்று சேர்ந்த இந்தச் சுற்றம் கடையத்து அக்ரஹாரத்தில் அமைந்திருக்குமா என்பது ஐயமே. பாட்டியும் அத்தையும் எட்டாத தொலைவில் இருந்தபோது, குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளப் பல கைகள் இருந்தன.

அந்தச் சிறு வட்டத்தில் கற்பித்தல் ஓயாமல் நடந்தது. சம்பளமோ மணியடிப்போ அங்கே இல்லை. 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர் தமிழ் கற்கப் பாரதியார் துணை செய்தார். இருவரும் வேதம் படித்து ஆராய்ந்தனர். ஆழ்வார்களின் அருளிச்செயலை அவருக்கு எடுத்துக்காட்டியவரும் பாரதியாரே. நம்மாழ்வார், ஆண்டாள், குலசேகராழ்வார் ஆகியோரின் பாசுரங்கள் சிலவற்றை ஸ்ரீ அரவிந்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தம் ‘ஆர்யா’ இதழில் வெளியிட்டார். மார்கழியில் கோயில்தோறும் ஒலிக்கும் தமிழ், வங்கத்து ஞானி ஒருவரின் எழுத்தின் வழி உலகுக்குப் போன பாதை இந்தக் கடலோரத் தெருவைத் தொட்டுத்தான் சென்றது. புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராக இருந்த கனக சுப்புரத்தினம் பாரதியாரிடம் வந்து மாணவராகி, பாரதிதாசன் ஆனார். ரா. கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பூணூல் அணிவித்துக் காயத்ரி உபதேசம் செய்ததும் இங்கேதான். ஊரார் கொதித்தனர். குலம் பார்த்தே மந்திரம் தரும் வழக்கத்தை அவர் குருவாக நின்று மீறினார்.

இத்தனை பாடங்களுக்கும் நடுவே தவழ்ந்து, நடந்து, ஓடி வளர்ந்தவள் சகுந்தலா. வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். ‘பாப்பாப் பாட்டு’ அவளை முன்னிட்டே பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1917இல் பரலி சு.நெல்லையப்பர் பதிப்பித்த ‘கண்ணன் பாட்டு’ நூலில் தெய்வம் தோழனாகவும் தாயாகவும் சீடனாகவும் வருவதோடு, கண்ணம்மா என்னும் குழந்தையாகவும் வருகிறது. தெய்வத்தைத் தொட்டிலில் இட்டுப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று; பெரியாழ்வார் வகுத்த வழி அது. ஆனால் ஆண்டாளைத் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த தந்தையான அவரைப் போலவே, இந்தக் கவிஞரும் மடியில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு பாடினார் என்பதைக் கவனித்தால் அந்தப் பாடல்களின் சுவை கூடும். குழந்தை கேட்டுப் புரிந்துகொள்ளும் சொற்களிலேயே பெரிய செய்திகள் சொல்லப்பட்டுள்ளன. பிறநாட்டில் குழந்தைக்குத் தமிழ் வர வேண்டும் என்று விரும்புவோர் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் செய்யத்தக்கது வீட்டில் பாடுவதே என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

வழிபாட்டுக்கும் அங்கே குறைவில்லை. பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே கடற்கரையருகில் கோயில் கொண்டிருக்கும் மணக்குள விநாயகர் மீது பாரதியார் ‘விநாயகர் நான்மணி மாலை’ பாடினார். கருவடிக்குப்பத்துச் சித்தானந்த சுவாமிகள் ஆலயத்திற்குச் சென்று வருவார். நித்யகல்யாணியின் சந்நிதியில் விளக்கேற்றி வளர்ந்த செல்லம்மாளுக்கு மூர்த்தி மாறியதே தவிர மாலை விளக்கு மாறவில்லை.

அச்சம் தந்த நாள்களும் இருந்தன, அவற்றை மறைப்பதற்கில்லை. 1911ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். கடையத்திலிருந்து அவ்வளவு தொலைவில்லாத ஊர். அதன்பின் தாய்வீட்டுச் சீமையிலும் காவலர் நடமாட்டம், குடித்தனம் இருக்கும் ஊரிலும் ஒற்றர் கெடுபிடி. புதுச்சேரியில் தங்கும் வெளியாட்களுக்கு அவ்வூர்ப் பிரமுகர் ஐவர் கையெழுத்திட்டு உறுதி தர வேண்டும் என்று சட்டம் வந்தது. கலவை சங்கர செட்டியார் முன்னின்று கையெழுத்துகளைத் திரட்டித் தந்தார். அவர் உதவியிராவிட்டால் குழந்தை குட்டிகளோடு எத்தனை குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இன்று விசா காலம் முடிவதற்குள் ஒரு தாளுக்காகக் காத்திருக்கும் மகனுடைய குரலில் உள்ள நடுக்கத்தை அறிந்த பெற்றோருக்கு அந்த ஐந்து கையெழுத்தின் அருமை புரியும்.

வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் தண்ணீர் இறைத்தபோது, வாளியோடு மூடி முத்திரையிட்ட ஜாடி ஒன்று வந்தது. உள்ளே காளி உருவமும் அரசுக்கு எதிரான எழுத்துகளும் இருந்தன. பழி சுமத்துவதற்காக ஒற்றன் போட்ட வேலை அது. அவர்களாகவே முந்திக்கொண்டு பிரெஞ்சுக் காவலரிடம் ஒப்படைத்ததால் பழி விலகியது. குழந்தைகள் தண்ணீர் குடிக்கும் கிணற்றிலும் சூழ்ச்சி கிடந்த காலம் அது. முதல் உலகப் போர் மூண்டதும் நிலைமை மேலும் இறுகியது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நேசநாட்டார் ஆயினர். அடைக்கலம் புகுந்தவர்களை ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியா போன்ற பிரெஞ்சுப் பகுதிக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. போகலாமா என்ற தயக்கம் சிலருக்கு வந்தது. தாம் இடம்விட்டு அசைவதாக இல்லை என்று ஸ்ரீ அரவிந்தர் உறுதியாகக் கூறிவிட, அந்தப் பேச்சு ஓய்ந்தது. ஆண்கள் கூடிப் பேசிய அந்தக் கேள்விக்குச் செல்லம்மாள் என்ன பதில் வைத்திருந்தார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கடையத்துக்கு ரயில் உண்டு. அல்ஜீரியாவிலிருந்து ரயில் இல்லை.

1916ஆம் ஆண்டு நவம்பர் 22 இரவு புதுச்சேரியைப் பெரும்புயல் தாக்கியது. பாரதியார் குடும்பம் முதல் நாள்தான் வேறு வீட்டுக்குக் குடிமாறியிருந்தது. விட்டுவந்த வீடு புயலில் சிதைந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ற எண்ணம் கணவன் மனைவி உரையாடலாகவே ஒரு பாடலாயிற்று. தெய்வம் காத்தது என்பதைத் தவிர அவர்கள் அதற்கு வேறு காரணம் தேடவில்லை.

பத்தாண்டுகள் கழிந்தன. கைக்குழந்தையாக வந்த சகுந்தலாவுக்குப் பத்து வயது. 1918 நவம்பர் 20 அன்று பாரதியார் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைதானார். மூன்று வாரங்களுக்கு மேல் சிறை. திருநெல்வேலி மாவட்டத்தில் குறிப்பிட்ட இடங்களிலேயே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டிசம்பர் 14 அன்று விடுதலை கிடைத்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கடையம்.

மாமனார் வீட்டு ஊர் அவரை மனமுவந்து ஏற்றது என்று சொல்வதற்கில்லை. குலம் பாராமல் எல்லாரோடும் உண்பவர், பூணூலைத் தம் விருப்பப்படி வழங்கியவர், மனைவியின் தோளில் கைபோட்டுத் தெருவில் நடப்பவர் என்று அக்ரஹாரம் முகம் சுளித்தது. பிறநாட்டில் ஊரையே உறவாக்கிக்கொண்ட செல்லம்மாள், பிறந்த ஊரில் உறவினரிடையே அயலாராக நிற்க நேர்ந்தது. நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளைச் சொந்த ஊர் இன்றும் சில வேளைகளில் இப்படித்தான் அளக்கிறது. அவர்கள் உடுப்பையும் பேச்சையும் குழந்தைகளின் தமிழையும் எடைபோடும் கண்கள் வெளியாருடையவை அல்ல, வீட்டுப் பெரியவர்களுடையவையே. ஆனாலும் கடையம் வாழ இடம் கொடுத்தது. பாரதியார் மாலை வேளைகளில் நித்யகல்யாணி கோயில் பக்கம் போய் அமர்ந்திருப்பார் என்றும், அங்கே பாடுவார் என்றும் அந்த ஊரார் தலைமுறையாகச் சொல்லிவருகின்றனர்.

1920இல் தடை நீங்கியது. மீண்டும் சுதேசமித்திரன் பணி, மீண்டும் சென்னை, திருவல்லிக்கேணியில் வாசம். 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். செல்லம்மாளுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. கணவரின் நூல்களை வெளியிடும் பொறுப்பைத் தாமே ஏற்று, ‘பாரதி ஆசிரமம்’ என்ற பெயரில் பதிப்பிக்கத் தொடங்கினார். அரிசிக்கு வழி தேடிய கைகள் அச்சுக்கும் வழி தேடின. 1951இல் திருச்சி வானொலி நிலையத்தில் தம் கணவரைப் பற்றி அவர் உரையாற்றினார். 1955இல் இறையடி சேர்ந்தார். புதுச்சேரி முற்றத்தில் நடை பழகிய சகுந்தலா, தந்தையைப் பற்றித் தன் குழந்தைக் கண் கண்டவற்றை நூலாக எழுதினாள்.

புதுச்சேரி வீடு இப்போது நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. கடையத்தில் சில ஆண்டுகளுக்கு முன் பாரதியாருக்குச் சிலை வைத்தபோது அவரைத் தனியாக நிறுத்தவில்லை. அருகில் செல்லம்மாளும் நிற்கிறார். நித்யகல்யாணியைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் அதையும் கண்டு வரலாம்.